சிறப்பு விருந்தினரை விட்டுப் போன ரயில்

மாமா,

அடையாறில் பல் பிடுங்கிக்கொள்ளக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் நான்கு பேர். எதிர்ச்சுவரில் பளபளவென்று ஒரு காலண்டர் தொங்கியது. படத்தில் அந்த ரயில். கறுப்பு எஞ்சின், அதன் மூக்கில் சாமந்தி மாலை, பின்னால் மாம்பலம் பிளாட்பாரம், வானம் தெரியாத அளவுக்குப் புகை. கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘பேருந்துகள் கைவிட்ட நாளில் மக்களைச் சுமந்த பாரம்பரியம்.’

மக்களைச் சுமந்ததாம். அச்சடித்தவனுக்கு வாய் கூசாமல் போகட்டும், கைகூடவா கூசவில்லை? எழுந்து போய்க் கிட்டத்தில் பார்த்தேன். மூன்றாவது பெட்டியின் வாசலில் ஒரு மீன் கூடையின் விளிம்பு தெரிந்தது. அதைக் கீழிருந்து தாங்கிப் பிடித்த ஒரு கை. மணிக்கட்டின் உட்பக்கம் பார்த்துக் கட்டிய கடிகாரம். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் மணி பார்க்க வேண்டும் என்று நீ அப்படித்தான் கட்டுவாய். உன் தலையை வெட்டிவிட்டுக் கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அது யாருடைய கை என்று தெரிந்திருந்தால் அதையும் வெட்டியிருப்பார்கள்.

“என்ன அங்கிள், ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டாள் டோக்கன் கொடுக்கிற பெண். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை அங்கேயே மனதுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடினோம். மயிலாப்பூர் குளத்திலிருந்து தி.நகர், தி.நகரிலிருந்து திரும்ப மயிலாப்பூர். நீ டிரைவர், நான் கண்டக்டர். ஒரு நாள் முழுக்க நமக்குள் பத்து வார்த்தை பேச்சு இருந்தால் அதிகம். தேவையும் இல்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் கிளம்பு. கடைசி ஆளின் கால் படியில் ஏறியதும் என் வாய்க்கு விசில் தானாக வந்துவிடும். அதை நான் யோசித்து ஊதியதே கிடையாது. வீட்டில் படுத்துக்கொண்டு கனவில் ஊதியிருக்கிறேன் என்று என் பெண்டாட்டி சொல்வாள்.

உனக்கு இந்த ஊரில் யாரையும் பிடிக்காது. பைக்காரர்களைப் பிடிக்காது, ஆட்டோக்காரர்களைப் பிடிக்காது, டிப்போவில் நாற்காலி தேய்க்கிறவர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. பண்டிகைச் சமயத்தில் பாண்டி பஜாரில் பஸ் முக்கால் மணி நேரம் நகராமல் நிற்கும்போது கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துச் சொல்வாய்: “நக வாங்க வந்தவங்க ரோட்டயும் சேத்து வாங்கிட்டாங்க போலக்கீது நைனா.” பஸ்ஸே சிரிக்கும். நீ மட்டும் சிரிக்க மாட்டாய்.

அப்படிப்பட்ட நீதான் அந்த வேலைநிறுத்தத்தில் முதல் வரிசையில் நின்றாய். ஒப்பந்தத்தில் எடுத்த இளம் டிரைவர்களை நிரந்தரமாக்கு என்பதுதான் கோரிக்கை. உனக்கு அதில் காலணா லாபம் இல்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. ஏன் மாமா உனக்கு இந்த வேலை என்று கேட்டதற்கு, “அந்தப் பசங்களுக்கு கிளட்ச்சு புடிக்கவே தெரியல. வேல நெலையா இருந்தாதான கத்துக்குவானுங்க” என்றாய். உன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

நான்காவது நாள்தான் அந்தப் பழம்ரயில் அன்பர்கள் புறப்பட்டு வந்தார்கள். பெரிய உத்தியோகங்களில் இருந்து இறங்கியவர்கள், அவர்களுடைய மாப்பிள்ளைகள், மாப்பிள்ளைகளின் நண்பர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பழைய எஞ்சினுக்குப் பித்தளை துடைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிற கூட்டம். வீட்டில் தான் குடித்த காபி டம்ளரைத் துடைத்தவன் அதில் ஒருவன் இருந்திருந்தால் ஆச்சரியம். பஸ் இல்லாமல் தவிக்கும் மக்களுக்கு உதவப் பாரம்பரிய நீராவி ரயில் விடப்போகிறோம் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். மாம்பலத்திலிருந்து எழும்பூருக்கு. காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை.

இந்த ஊரில் பஸ் ஏறிய எவனுக்கும் அதைக் கேட்டதும் சிரிப்பு வரும். பஸ் இல்லாமல் செத்தது யார்? மயிலாப்பூர்க்காரனும் மந்தைவெளிக்காரனும் கோட்டூர்புரத்துக்காரனும். மாம்பலத்திலிருந்து எழும்பூருக்குத்தான் மின்சார ரயில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறதே! தாகத்தில் கிடப்பவன் ஒரு பக்கம் இருக்க, ஏரிக்கரையில் கொண்டுபோய்த் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். சரி, யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றாவது விட்டுவிடலாம். அந்தப் பொரியையும் இவர்களே தின்னத்தான் வந்தார்கள்.

சங்கத்தில் நம் இருவரையும் மாம்பலம் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். ஏன் வண்டி ஓட்டவில்லை என்று விளக்கி அடித்த நோட்டீஸை ஜனங்களிடம் கொடுக்க வேண்டும். நீ கொடுத்த விதத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பயந்துபோய் வாங்கினார்கள். அடுத்த பிளாட்பாரத்தில் மின்சார வண்டி, மூட்டை கட்டியதுபோல ஆட்களை அடைத்துக்கொண்டு போனது. இந்தப் பக்கம் நீராவி வண்டி. நான்கு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் பட்டுப் புடவையும் தொப்பியும் கேமராவுமாகப் பத்துப் பதினைந்து பேர். பாதி இருக்கை காலி. வாசலில் அழைப்பிதழ் கேட்டார்கள். பஸ் இல்லாமல் தவிப்பவன் அழைப்பிதழ் கொண்டுவர வேண்டுமாம்.

எஞ்சின் பக்கத்தில் மேடை. மேடையில் ஏதோ ஒரு வாரியத்தின் தலைவர், அவர்தான் சிறப்பு விருந்தினர். பேசிக்கொண்டே இருந்தார். பேசி முடித்துக் கொடியசைப்பார், அதன்பின் ரயில்வே கார்டு விசில் ஊதுவார், வண்டி கிளம்பும் என்பது ஏற்பாடு. நிஜமான கார்டை நடுவில் நிறுத்திவைத்து நான்கு பேர் மாறிமாறிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியோரம் அன்பர்களில் ஒருவர் வெள்ளைக்காரன் காலத்துக் கார்டு வேஷத்தில் நின்றார். கோட்டு, ஒட்டு மீசை, கையில் ஒரு பச்சைக் கொடி. விசில் கேட்டதும் ஆட்டினால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீ அந்த மீசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் துப்பினாய்.

அப்போதுதான் அந்த மீன்காரம்மா வந்தாள். நமக்குத் தெரிந்த முகம். தினமும் காலையில் சாந்தோம் பக்கத்திலிருந்து மயிலாப்பூர் வந்து நம் பஸ்ஸில் கூடையோடு ஏறுகிறவள். மாம்பலத்தில் பாதி விற்றுவிட்டு மிச்சத்தைக் கோடம்பாக்கத்தில் விற்பாள். அன்று மாம்பலம் வரைக்கும் கூடையோடு நடந்தே வந்திருந்தாள். மின்சார வண்டியில் கூடையை நுழைக்க முடியவில்லை. காலியாக நின்ற இந்த வண்டியின் மூன்றாவது பெட்டிக்கு நேராகப் போனாள். தொப்பி போட்ட ஒருவர் கையை நீட்டித் தடுத்தார்.

“மேடம், இது ஹெரிடேஜ் கோச். மீன் கூடை நாட் அலவ்ட்.”

“இன்னா மேடம்? பஸ்ஸு இல்லாதவங்களுக்குன்னுதான மைக்ல கூவிக்கினு கீறீங்க? எனக்கு பஸ்ஸு இல்ல. ஏத்து.”

“ஸ்மெல் அடிக்கும்மா. உள்ள கெஸ்ட் எல்லாம் இருக்காங்க.”

“உன் எஞ்சினு வுடுற பொகைக்கு என் வஞ்சரம் எவ்ளவோ மேலுய்யா!”

நீ நோட்டீஸ் கட்டை என் கையில் திணித்தாய். “நவுரு நைனா” என்று தொப்பிக்காரரைத் தோளால் தள்ளிவிட்டுக் கூடையைத் தூக்கினாய். கூடை உள்ளே போனது. அந்தம்மா கம்பியைப் பிடித்தாள். ஒரு கால் படியில். மறு காலும் ஏறியது. படி காலி.

என் கை பைக்குள் போனது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது மாமா. இரண்டு விசில். பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது.

ஒட்டு மீசைக்காரர் இத்தனை நேரம் அதற்காகத்தானே தவம் கிடந்தார்! கொடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். எஞ்சின்காரர் புகைக்கு நடுவில் திரும்பிப் பார்த்தார், பச்சை தெரிந்தது, ஒரு கூவல் கூவிவிட்டு எடுத்துவிட்டார். சிறப்பு விருந்தினர், “மக்கள் சேவையே” என்பதுவரை சொல்லியிருந்தார். மாலையோடு பத்தடி ஓடினார். அவருடைய உதவியாளர் தாவி ஏறப்பார்த்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். அந்த ஒன்றுதான் இன்றுவரைக்கும் எனக்கு உறுத்தல், அவன் என்ன பாவம் செய்தான். மற்றபடி வாத்தியக்காரர்கள் பாதிப் பேர் வண்டியில், பாதிப் பேர் பிளாட்பாரத்தில். மீன்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு நமக்குக் கையாட்டினாள். கோடம்பாக்கத்தில் இறங்கி மிச்ச மீனை விற்றுவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அந்த ரயில் செய்த ஒரே மக்கள் சேவை அதுதான்.

நீ சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. “எவன்டா விசில் ஊதுனது?” விசில் என் முஷ்டிக்குள் இருந்தது. நீ பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் தெரியாமல் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாய். எடுத்து உன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய். “வாயத் தொறந்த, கொன்னுடுவேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாய்.

“நான்தான் சார். இன்னா இப்போ?”

மத்தியானம் விட்டுவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் உனக்காகக் காத்திருந்தேன். எதற்கு மாமா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். எனக்காக உயிரைக் கொடுக்கிறாய் என்கிற மாதிரி ஏதாவது சொல்வாய் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. நீ டீயை ஊதிக்கொண்டே சொன்னாய்:

“உன்ன இட்டுனு போயிருந்தா இன்னா பண்ணிருப்ப? கால்ல உழுந்திருப்ப. சங்கம்தான் ஊதச் சொல்லி அனுப்புச்சுன்னு எழுதிக் குடுன்னுவான். எழுதிக் குடுத்திருப்ப. அப்பால அந்தப் பசங்க கத இன்னா ஆவுறது?”

“என்னப் பத்தி அவ்ளோ கேவலமாவா நெனச்சிக்கினு கீற?”

“பாரு, இப்பவே அழுவுற” என்றாய்.

அன்று முழுக்க உன்மேல் கோபம். என்னை இருபத்திரண்டு வருஷம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டியவன், கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இதைத்தான் கண்டுபிடித்தானா என்று. நீ தப்பு என்று நிரூபிக்க எனக்கு மூன்று வாரத்தில் ஒரு சந்தர்ப்பம் வந்தது. விசாரணை.

ஜில்லென்று ஓர் அறை, மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். மூன்று பேரும் கடைசியாக டவுன் பஸ்ஸில் ஏறியது கல்லூரி நாளில் இருக்கும். மன்னிப்புக் கடிதம் தயாராக அடித்து வைத்திருந்தார்கள். ‘சங்கத்தின் தூண்டுதலால் இச்செயலைச் செய்தேன்’ என்று அதில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டால் மறுநாளே வேலை. இல்லாவிட்டால் நீக்கம். நீ முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிதானமாகப் படித்தாய்.

“கமா எல்லாம் கரீட்டாக்கீது சார். கையெழுத்து நீங்களே போட்டுக்கோங்க.”

அதற்குப் பிறகு சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். கேட்டால் நீ ஊதியதாகவே சொல்லச் சொல்லி என்னிடம் முன்பே சொல்லியிருந்தாய், உண்மை. ஆனால் கேட்பதற்கு அவர்களுக்கு நான் அவகாசமே கொடுக்கவில்லை. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், “அவர்தான் சார் ஊதினார்” என்று சொல்லிவிட்டேன். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதில் கோபம் இல்லை. சொன்னேன் பார்த்தாயா என்கிற பார்வை.

வேலைநிறுத்தம் முடிந்தது. ஏதோ ஒரு உறுதிமொழி கொடுத்தார்கள், எல்லாரும் வண்டி எடுத்தோம், உன்னைத் தவிர. சங்கத்தில் உனக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். வீரத் தோழர் என்றார்கள். “மாலயப் போட்டுக் கழுத்தெல்லாம் அரிக்குது” என்று கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு நீ டீ குடிக்கப் போய்விட்டாய். அடுத்த வருஷக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்ல ஆளில்லை. இப்போது நிரந்தரமாகிவிட்ட பையன்களில் பாதிப் பேருக்கு நீ யார் என்றே தெரியாது. கிளட்ச்சும் இன்னும் பிடிக்க வரவில்லை.

நீ கோட்டூர்புரத்தில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டினாய். சில நாள் நம் பழைய தடத்தில் என் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவன் காலையே பார்த்துக்கொண்டு வருவாய். “கிளட்ச்சு மேலயே குடும்பம் நடத்துறான் பாரு நைனா.” டிக்கெட் வேண்டாம் என்று நான் சொன்னால் முறைப்பாய். விசில் ஊதும்போது உன் பக்கம் பார்க்காமல்தான் ஊதுவேன். ஒருநாளாவது அந்தப் பேச்சை எடுப்பாய் என்று பயந்தேன். நீ எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போன ஆடியில், வேனைக் கழுவிக்கொண்டிருந்த நீ வாளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான்.

சாவு வீட்டிலும் இந்தக் கதைதான் ஓடியது. “வாரியத் தலைவர அம்போன்னு வுட்டுட்டு விசிலு ஊதி ரயில அனுப்புனவரு” என்று ஒருவன் சொல்ல, வந்தவர்கள் அழுகைக்கு நடுவில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அதிகாரிகளையும் ஒட்டு மீசையையும் இத்தனை நேரம் காறித் துப்பிக்கொண்டு வந்தேனே, அவர்களில் யாரும் உன் தலைமாட்டில் நின்று சிரிக்கவில்லை. நான்தான் நின்று சிரித்தேன்.

ஞாயிறு தவறாமல் உன் வீட்டுக்குப் போய் உன் பெண்டாட்டியை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளை, பார்த்துவிட்டு வருகிறேன். காபி கொடுப்பாள். நேற்று ஞாயிறு இல்லை. பல்லைப் பிடுங்கிக்கொள்ளாமலே கிளினிக்கிலிருந்து நேராக அங்கேதான் போனேன். வழக்கம்போல உட்காரச் சொன்னாள், வழக்கம்போலக் காபி வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“அக்கா, அன்னிக்கு மாம்பலத்துல விசில் ஊதுனது மாமா இல்ல. நானு.”

அக்கா முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“தெரியும்.”

“மாமா சொன்னாரா?”

“அவரா? கேட்டேன். வாய மூடிக்கினு சோத்தப் போடுன்னாரு. அவரு இன்னாத்த சொல்றது? டிரைவரு சட்டையில ஏதுடா விசிலு? முப்பது வருசம் அந்தச் சட்டையத் தொவச்சவ நானு. பாக்கெட்டுல துன்னூறு இருக்கும், சீப்பு இருக்கும், டீக்கடத் துண்டுச்சீட்டு இருக்கும். விசிலு ஒருநாளும் இருந்ததில்ல.”

மூன்று அதிகாரிகள், ஒரு போலீஸ் ஸ்டேஷன், அத்தனை பெரிய ஃபைல். விசில் கண்டக்டரிடம்தானே இருக்கும், டிரைவர் பையில் எப்படி வந்தது என்று ஒருவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குக் காபி போட்டிருக்கிறாள்.

“அப்ப ஏன்க்கா இத்தினி நாளா ஒரு வார்த்த கேக்கல?”

“நீயா எப்ப சொல்றேன்னு பாத்துக்கினு இருந்தேன். அவரு போறதுக்கு முன்னாடி சொல்லுவன்னு நெனச்சேன்.” கல்லைப் பொறுக்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். “அவருக்கு உன்மேல கோவம் இல்ல. இருந்ததே இல்ல. எனக்குக் கீது. காப்பி ஆறுது, குடி.”

மன்னிச்சிடுக்கா என்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது மாமா. வரும் என்று உனக்குத் தெரியுமே. அதைச் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாகிவிடும், அவள் கோபத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பாள். சொல்லவில்லை. காபியைக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறும் போவேன். அவள் கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.